நோயாளியின் நோன்பும் உடலின் உப்பும்



நோன்பு நோற்பது இறைவனின் கட்டளை. நோயுற்றவர் அதனை வேறு நாட்களுக்குத் தள்ளி வைப்பதும் அவனுடைய கட்டளையில் அடங்கியதே. திருமறையின் அல்பகரா அத்தியாயத்தில் 183-ஆம் வசனம் நோன்பை விதிக்கிறது. அதற்கடுத்த 184-ஆம் வசனமே நோயாளிக்கும் பிரயாணிக்கும் சலுகை வழங்கிவிடுகிறது. 185-ஆம் வசனம் அந்தச் சலுகையை மறுபடியும் எடுத்துரைத்து, அல்லாஹ் அடியார்களுக்கு இலகுவையே நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை என்ற கருத்தையும் சேர்த்துச் சொல்கிறது. ஒரே சலுகை அடுத்தடுத்த இரண்டு வசனங்களில் கூறப்பட்டிருப்பது, அதனை நாம் அலட்சியமாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

காய்ச்சலில் கிடப்பவரையும் காலில் கட்டுப் போட்டிருப்பவரையும் பார்த்தால் எவரும் நோயாளி என்று ஒப்புக்கொள்வார்கள். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே ஆளை உருக்கிவிடும் வியாதிகளும் உண்டு. அவற்றால் அவதிப்படுகிறவர் "களைப்பாக இருக்கிறது" என்று சொன்னால், "நோன்பென்றால் களைப்பு இருக்கத்தானே செய்யும்?" என்று வீட்டாரே சொல்லிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு வியாதியைப் பற்றி, குறிப்பாக விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கத்துக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியதை இம்மாதம் விளக்க விரும்புகிறோம்.

சிறிய சுரப்பி, பெரிய வேலை

நம் இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி வைத்தாற்போல் ஒவ்வொரு சிறு சுரப்பி இருக்கிறது. இதற்கு அட்ரினல் சுரப்பி என்று பெயர். ஒன்றின் எடை 5 கிராம் அளவுதான். ஆனால் அது சுரக்கும் இரண்டு நீர்கள் இல்லாமல் மனிதன் உயிர் வாழ முடியாது. ஒன்று கார்ட்டிசால். பட்டினி, காய்ச்சல், காயம், பிரயாணம் போன்ற சோதனைகள் வரும்போது இரத்த அழுத்தமும் சர்க்கரையும் விழுந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பது இதுவே. மற்றொன்று ஆல்டோஸ்டிரோன். உடலிலுள்ள உப்பு சிறுநீரில் ஓடிவிடாமல் காப்பது இதன் வேலை.

இந்தச் சுரப்பி கெட்டுவிட்டால் எவ்வளவு உப்புத் தின்றாலும் அது உடலில் நிற்பதில்லை. உப்பின் முக்கியப் பகுதியான சோடியம் ஆரோக்கியமானவரின் இரத்தத்தில் லிட்டருக்கு 135 முதல் 145 அலகு வரை இருக்கும். அது 130, 125 என்று இறங்க இறங்க உடல் தளர்கிறது. 120-க்கும் கீழே போனால் புத்தி தடுமாறலாம், வலிப்பு வரலாம், நினைவும் தப்பலாம்.

லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த தாமஸ் அடிசன் என்ற டாக்டர் 1855-ஆம் ஆண்டில், 11 நோயாளிகளின் வரலாற்றைக் கூறி இவ்வியாதியை உலகுக்கு அறிவித்தார். ஆகவே இதனை அடிசன் வியாதி என்று அழைக்கிறார்கள். அக்காலத்தில் இது வந்தவர் பிழைப்பது அரிது. இச்சுரப்பியின் நீர்களை ஆராய்ந்த மூவருக்கு 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பயனாக இன்று மாத்திரை இருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கென்னடிக்கும் இவ்வியாதி இருந்தது. மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுபவர் எல்லோரையும் போல் உழைத்து வாழ முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறோம். எந்த நோயையும் அதற்குரிய நிவாரணம் இல்லாமல் அல்லாஹ் இறக்கவில்லை என்ற கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது.

அடையாளங்கள் என்னென்ன?

இந்த வியாதி ஒரே நாளில் வருவதில்லை. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம். கீழ்க்கண்டவற்றில் ஒன்றைப் பார்த்துப் பயந்துவிட வேண்டியதில்லை. மூன்று நான்கு ஒன்றாகச் சேர்ந்து வந்தால் டாக்டரிடம் போகத் தாமதிக்கக் கூடாது.

1. ஓய்வெடுத்தாலும் நீங்காத களைப்பு. காலையில் எழும்போதே உடல் அடித்துப் போட்டாற்போல் இருக்கும்.

2. எழுந்து நின்றால் தலை சுற்றுதல். தொழுகையாளிகளுக்கு இது எளிதில் தெரிந்துவிடும். ஸஜ்தாவிலிருந்து அடுத்த ரக்அத்துக்கு எழும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். சுவரைப் பிடிக்கத் தோன்றும்.

3. உப்பின் மீது அடங்காத ஆசை. ஊறுகாயைச் சோறுபோல் தின்பது, கஞ்சியில் மேலும் மேலும் உப்புப் போட்டுக்கொள்வது, வெறும் உப்புக் கல்லை வாயில் போட்டுக்கொள்வது.

4. பசியின்மை, குமட்டல், வாந்தி, வயிற்றுவலி. உடல் எடை குறைந்துகொண்டே போதல்.

5. தோல் கறுத்தல். வெயில் படும் இடம் மட்டுமல்லாமல் வெயிலே படாத இடங்களும் கறுக்கும். உள்ளங்கை ரேகைகள், விரல் முட்டிகள், முழங்கை, பழைய காயத் தழும்புகள், ஈறு, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றில் கருமை படியும்.

6. வேளை தப்பினால் வியர்த்து, நடுங்கி, மயக்கம் வருதல். இது சர்க்கரை இறங்குவதால் நேர்வது.

7. எரிச்சல், மனச்சோர்வு, எதிலும் நாட்டமின்மை.

ஏழாவது அடையாளத்தை வைத்துக்கொண்டு நோயாளியைச் சோம்பேறி என்றும், மருமகளாக இருந்தால் வேலைக்குப் பயந்தவள் என்றும், இன்னும் சிலர் ஜின்னின் சேட்டை என்றும் சொல்லிவிடுகிறார்கள். ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. ஓதிப் பார்க்கும் அதே நாளில் இரத்தத்தையும் பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே நாம் சொல்வது.

நம் பக்கத்தில் ஏன் தெரியாமல் போகிறது?

விருதுநகர் மாவட்டம் மழை குறைந்த கரிசல் சீமை. அதனால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேரூன்றின. காற்றின் ஈரம் மருந்துக்கு ஆகாது. அந்த வறண்ட வெயில்தான் வேலை செய்வோரின் உடம்பிலிருந்து வியர்வையாக உப்பை உறிஞ்சிவிடுகிறது. மருந்து செலுத்தும் அறையில் ஒரு தீப்பொறியும் ஆகாது என்பதால் மின்விசிறியின் காற்றுக்கும் வழியில்லை. தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் விடியற்காலையிலேயே வண்டி ஏறி, மாலையில் திரும்புகிறவர்கள் களைப்பு, தலைசுற்றல், நாவறட்சி எல்லாவற்றையும் வேலையோடு வந்த கஷ்டம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். கை கறுத்திருந்தால் மருந்துப் பொடி என்கிறார்கள். முகம் கறுத்திருந்தால் வெயில் என்கிறார்கள்.

இங்கே ஒளு நமக்குக் கண்ணாடியாக உதவுகிறது. அலுமினியப் பொடியும் கரியும் தேய்த்துக் கழுவினால் போய்விடும். வியாதியின் கருமை எத்தனை முறை கழுவினாலும் போகாது. கைகளைக் கழுவும்போது உள்ளங்கை ரேகைகளையும், வாய் கொப்பளித்து மிஸ்வாக் செய்யும்போது ஈறுகளையும், முழங்கை வரை கழுவும்போது முட்டியையும் ஒரு கணம் கவனியுங்கள். பிறவியிலேயே ஈறு கறுத்திருப்பவர் நம்மில் பலர் உண்டு. ஆகவே புதிதாக வந்த கருமையா, மற்ற அடையாளங்களும் கூட இருக்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஆரோக்கியமானவருக்கு வெயிலில் உப்புக் குறைந்தால் ஓய்வும், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரும் அவரைத் தேற்றிவிடும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலக்கினால் போதும். அப்படியும் தேறாமல், வேலைக்குப் போகாத நாளிலும் அதே தளர்ச்சி இருந்தால் அதனை வெயிலின் மேல் போடக் கூடாது.

வியாதி எதனால் வருகிறது?

மேலை நாடுகளில் உடலின் தற்காப்புச் சக்தியே தவறிச் சுரப்பியைத் தாக்குவது முக்கியக் காரணம். நம் நாட்டில் அதனுடன் காசநோயும் முக்கியக் காரணமாக இருக்கிறது. நெஞ்சில் வந்த கிருமி இரத்தத்தின் வழியாகச் சென்று சுரப்பியை அழித்துவிடும். ஆகவே காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர், சாப்பிட்டுக் கொண்டிருப்பவர் ஆகியோரின் களைப்பை இலேசாக எண்ணக் கூடாது. அம்மருந்துகளில் ஒன்றான ரிபாம்பிசின், உடலிலுள்ள கார்ட்டிசாலை வேகமாகச் செலவழித்துவிடும். சுரப்பி ஏற்கெனவே பழுதாகியிருந்தால், மருந்து தொடங்கிய சில வாரங்களில் நோயாளி திடீரென்று சரிந்துவிடக் கூடும். இதற்காகக் காசநோய் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் சுரப்பிக்கும் சேர்த்து மருந்து தருவார்.

இரண்டாவது காரணம் நம் கையாலேயே தேடிக்கொள்வது. மூச்சிரைப்புக்கும் மூட்டுவலிக்கும் பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தாசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளை டாக்டர்கள் தருவதுண்டு. அவை நல்ல மருந்துகளே. ஆனால் டாக்டர் எழுதிய பழைய சீட்டை வைத்துக்கொண்டும், சீட்டே இல்லாமலும், "அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை" என்று கடையில் கேட்டு மாதக்கணக்கில் தின்பவர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டிருந்தால் சுரப்பி தன் வேலையை விட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறது. மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் உடலில் அந்த நீர் இரண்டு வழியாலும் இல்லாமல் போய்விடும். ரமலான் பிறை கண்டதும் "நோன்பில் மாத்திரை எதற்கு?" என்று நிறுத்துபவர்கள் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள்.

மூன்றாவது காரணம் தாய்மார்களுக்கு உரியது. பிரசவத்தின்போது இரத்தம் அளவுக்கு மீறிப் போனால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இரத்தமின்றிப் பட்டுப்போகலாம். அட்ரினல் சுரப்பிக்கு உத்தரவிடுவதே அதுதான். இதனை ஷீஹன் என்ற டாக்டர் 1937-இல் விவரித்தார். இத்தகைய தாய்க்குப் பிள்ளை பிறந்தும் பால் சுரக்காது. மாதவிலக்குத் திரும்பாது. அக்குள் முடி உதிரும். குளிர் தாங்காது. தோல் கறுப்பதற்குப் பதிலாக வெளுக்கும். காஷ்மீரில் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே 20 வயதைக் கடந்த, பிள்ளை பெற்ற பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவருக்கு இது இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே பிரசவித்தவர்கள். பிரசவமாகிப் பல ஆண்டுகள் கழித்து உப்புக் குறைந்து மயங்கி விழும்போதுதான் பலருக்கு உண்மை தெரியவருகிறது. "முதல் பிள்ளைக்குப் பின் நான் பழைய ஆளாகவே இல்லை" என்று சொல்லும் பெண்மணி எவராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவர் பேச்சைக் காதில் வாங்குங்கள்.

இரத்தத்தில் சோடியம் குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. இரத்தக் கொதிப்புக்காகச் சிறுநீர் பிரியத் தரும் மாத்திரை, தைராய்டு குறைபாடு, உடலில் நீரைத் தேக்கிவைக்கும் மற்றொரு நீர் அளவுக்கு மீறிச் சுரத்தல் ஆகியவை அவற்றுள் சில. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றில் நீரைக் குறைக்க வேண்டும், மற்றொன்றில் நீரை ஏற்ற வேண்டும். ஆகையால் வீட்டிலேயே உப்பைக் கரைத்துக் கொடுத்துக் குணப்படுத்திவிடலாம் என்று எண்ணுவது ஆபத்து.

நோன்பு வைத்தால் என்ன ஆகும்?

நம் வட்டாரத்தில் சஹர் முடிவிலிருந்து நோன்பு திறப்பது வரை ஏறத்தாழ 13 முதல் 14 மணி நேரம். சுகமாக இருப்பவரின் சுரப்பி, பட்டினியை உணர்ந்து உப்பையும் சர்க்கரையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இந்நோயாளியின் சுரப்பியால் அது ஆகாது. அத்துடன், இவ்வியாதிக்குத் தரும் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையின் வேகம் சில மணி நேரமே நிற்கும். பகலில் இரண்டு, மூன்று வேளையாகப் பிரித்துச் சாப்பிட வேண்டியது அது. 2019-இல் ரமலான் மே மாதத்திலும், 2021-இல் ஏப்ரலிலும் வந்தது. அப்படிப்பட்ட கோடையில் வியர்வையும் சேர்ந்துகொண்டால் அஸருக்குள் ஆள் சாய்ந்துவிடலாம். குளிர்காலத்து ரமலானில் வெயில் குறையும், மாத்திரையின் தேவை குறையாது.

ஆபத்து நெருங்கிவிட்டதன் அடையாளங்கள்: நிற்காத வாந்தி, கடும் வயிற்றுவலி, எழுந்து நிற்க இயலாமை, உடல் சில்லிடுதல், பேச்சில் குழப்பம், மயக்கம். அப்போது செய்ய வேண்டிய வைத்தியம் உடனே 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் சலைனும் ஏற்றுவதே. இது மணிக்கணக்கில் காத்திருக்கும் காரியமன்று. "இன்னும் அரை மணியில் பாங்கு சொல்லிவிடுவார்கள், பொறுத்துக்கொள்" என்று சொல்லிவிடாதீர்கள். 108-க்குச் சொல்லுங்கள். வண்டியில் வருகிறவரிடம் முதல் வார்த்தையாக, "இவர் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்" என்று தெரிவியுங்கள்.

மார்க்கம் காட்டும் வழி

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதில் ஒரு சம்பவம் வருகிறது. பிரயாணத்தில் ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயம். அந்நிலையில் அவருக்குக் குளிப்புக் கடமையானது. தமக்குத் தயம்மும் செய்ய அனுமதி உண்டா என்று கூட இருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்றார்கள். அவரும் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள், அவர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடிந்து, தெரியாதவர்கள் கேட்டிருக்கலாகாதா, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்ற கருத்தைக் கூறினார்கள்.

அந்தத் தோழர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மார்க்கப் பற்றினால்தான் சொன்னார்கள். ஆயினும் நோயாளிக்கு இல்லாத கண்டிப்பை அறியாமல் விதித்ததைக் கொலை என்று கடியும் அளவுக்கு நபியவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். நோயாளியைப் பார்த்து "உனக்குச் சலுகை இல்லை" என்று சொல்ல வாய் திறக்கும் ஒவ்வொருவரும் இதனை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நோயாளியின் நோன்பு பற்றி மார்க்க அறிஞர்கள் கூறுவதன் சுருக்கம் இதுவே. நோன்பினால் நோய் கூடும், அல்லது குணம் தாமதிக்கும் என்ற பலமான எண்ணம் இருந்தால் நோன்பை விடலாம். அந்த எண்ணம் வெறும் ஊகமாக இருக்கக் கூடாது. தமது முன் அனுபவம், வெளிப்படையான அடையாளம், திறமையும் நாணயமும் உள்ள வைத்தியரின் சொல் ஆகியவற்றில் ஒன்றைக் கொண்டு அமைய வேண்டும். உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தால் விடுவது கடமையாகிவிடும். நமது கைகளாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்ளலாகாது என்பதை 2:195 வசனமும், நம்மை நாமே கொன்றுவிடலாகாது என்பதை 4:29 வசனமும் உணர்த்துகின்றன.

குணமடையும் நோயாக இருந்தால், விட்ட நோன்புகளைப் பின்னர் களாச் செய்ய வேண்டும். ஆயுள் முழுதும் நீடிக்கும் நோயாகவும், எந்தக் காலத்திலும் நோன்பு தாங்காத நிலையாகவும் இருந்தால் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்குப் பித்யா கொடுக்க வேண்டும். ஹனபி மத்ஹபில் அது ஸதகத்துல் பித்ர் அளவு. ஷாபியீ மத்ஹபில் ஒரு முத்து அளவு தானியம். சிலருக்கு, சஹரில் ஒரே வேளையாகச் சாப்பிடக்கூடிய நீடித்த மாத்திரைக்கு டாக்டர் மாற்றித் தரக் கூடும். அவர் சோதித்துப் பார்த்து அனுமதித்தால் மட்டுமே அத்தகையவர் நோன்பு வைக்கலாம். எவருக்கு எது பொருந்தும் என்பதை டாக்டரின் சொல்லை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் ஆலிமிடம் சென்று கேட்டுக்கொள்ளுங்கள். ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே இந்த இரண்டு வாசல்களையும் தட்டிவிட வேண்டும்.

தொழுகையிலும் இதே இலகு உண்டு. மூல நோயுற்றிருந்த இம்ரான் பின் ஹுசைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழவும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழவும் நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரியில் உள்ளது. தராவீஹில் தலை சுற்றுபவர் உட்கார்ந்து தொழுவதில் வெட்கமில்லை.

வீட்டார் கடைப்பிடிக்க வேண்டியவை

சந்தேகம் வந்தால் சோடியம், பொட்டாசியம், சர்க்கரை ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டாக்டர் சொன்னால் காலை 8 மணியளவில் கார்ட்டிசால் பரிசோதனையும் வேண்டும். விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெறுகிறது. மதுரையில் அரசு இராஜாஜி மருத்துவமனை இருக்கிறது.

ஸ்டீராய்டு மாத்திரையை டாக்டரைக் கேளாமல் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

இந்நோயாளிக்குக் காய்ச்சல் வந்தாலோ, பல் பிடுங்கினாலோ, அறுவைச் சிகிச்சை செய்தாலோ மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசிதான்.

நோயின் பெயரும் மருந்தின் பெயரும் எழுதிய சீட்டைச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ எப்போதும் வைத்திருக்கச் செய்யுங்கள். வேலை செய்யும் ஆபீஸ் கணக்கப்பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள்.

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்பவர் தேவைக்கு மேல் இரு மடங்கு மாத்திரையைக் கைப்பையிலேயே கொண்டுபோக வேண்டும். 2024 ஹஜ்ஜின்போது கடும் வெப்பத்தில் 1,301 பேர் மரணமடைந்ததாகச் சவூதி அரசு அறிவித்ததை மறந்துவிடலாகாது.

நோன்பு நோற்க இயலாத நோயாளியின் முன் எவரும் ஏளனமாகப் பேச இடம் கொடாதீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். பகலில் அவருக்கு ஒரு தம்ளர் கஞ்சியை முகம் சுளிக்காமல் கொண்டுவந்து கொடுக்கும் மகளும் மருமகளும் நற்கூலிக்கு உரியவர்களே. நம் உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று கற்பித்த நபியின் உம்மத்து நாம்.

நோயில் பொறுமையையும், சுகத்தில் நன்றியையும், நோயாளிகளிடத்தில் இரக்கத்தையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.